நெல்லிக்கனிக்குப் பின்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டத்துக்குப் பத்தாண்டு என்பது இளமை. அதன் உறுப்பினர்களுக்கு அவ்வாறு சொல்ல இயலாது. வட்டம் தொடங்கிய நாளில் ஐம்பது வயதைத் தொட்டிருந்தோர் இன்று அறுபதை அடைந்துள்ளனர். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், அறுபது நிறைந்தவரை மூத்த குடிமக்களுள் ஒருவராகக் கொள்கிறது. ஆதலின் முதுமை பற்றிய பேச்சு இவ்வவைக்கு அயலார் வீட்டுச் செய்தியாகாது. முதியோர்க்குத் தொண்டாற்றுவதை வாழ்க்கைப் பணியாகக் கொள்வோர் கற்கும் உயர்கல்விக்கு முதுமையியல் என்று பெயர். அக்கல்வி யாது, அதனால் சேர்வராயன் மலைக்கு விளையும் பயன் யாது, அதில் கவிஞர்க்கு உள்ள பங்கு யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வதே இவ்வுரை.

தகடூர்க் கனி

சேர்வராயன் மலையிலிருந்து வடக்கே இறங்கினால் தருமபுரி நாடு. பண்டைத் தகடூர் அதுவே. பெறுதற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையார்க்கு அளித்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண் அது. இந்நிகழ்ச்சியில் இதுகாறும் பெரிதும் பாராட்டப்பெற்றது அதியமானின் கொடை. அது முறையே. ஆயினும் அக்கதை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கனியினால் ஆயுள் நீண்டது. நீண்ட அந்த ஆயுளின் கடைசி ஆண்டுகளில் ஔவையார்க்குக் கண் மங்கியபோது வழி காட்டியவர் யார்? கால் தளர்ந்தபோது தாங்கியவர் யார்? கதை அதைக் கூறவில்லை.

இன்று அக்கனி ஒருவர்க்கு மட்டும் கிடைப்பதன்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது ஏறத்தாழ 70. தடுப்பூசியும் தூய குடிநீரும் நோய்க்கொல்லி மருந்துகளும் கூடிக் கோடிக்கணக்கானோர்க்கு நெல்லிக்கனியை ஊட்டிவிட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10.38 கோடி, நூற்றுக்கு 8.6 பேர். தமிழகத்தில் அவ்விகிதம் 10.4. அக்கணக்கை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடு, 2021இல் தமிழகத்தின் விகிதம் 13.6 என்கிறது. கேரளத்தை அடுத்து முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலம் தமிழகம். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் முதியவர் என்றால், ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஔவையார் இருக்கிறார் என்பது பொருள். ஆயுளைத் தந்த அறிவு, அந்த ஆயுளைப் பேணும் அறிவையும் தர வேண்டாவோ? அந்த அறிவே முதுமையியல்.

தேய்ந்த சொல்

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உடைய இவ்வவைக்கு ஒரு சொல்லை நினைவூட்டுவது பொருந்தும். அகத்திணை இலக்கணத்தில் கிழவன் என்பவன் தலைவன். கிழத்தி என்பவள் தலைவி. கிழமை என்றால் உரிமை. உரிமை உடையவனைக் குறித்த சொல், காலப்போக்கில் வயது முதிர்ந்தவனைக் குறித்தது; இன்று பேருந்தில் இடம் கேட்கும் முதியவரை ஏசும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. உரிமையில் தொடங்கி இகழ்ச்சியில் முடிந்த இச்சொல்லின் வரலாறு, முதியோரைச் சமுதாயம் நடத்தும் முறையின் வரலாற்றைத் தானே சொல்லிவிடுகிறது. முதுமையியல் இந்த வழியைத் திரும்ப நடக்க முயல்கிறது. முதியவரை இரக்கத்துக்கு உரியவராகக் கருதுவதோடு நில்லாமல், உரிமைக்கு உரியவராகக் காண்பது அதன் முதற்பாடம்.

கல்வி பிறந்த வரலாறு

பாரிசின் பாசுதர் நிலையத்தில் பணியாற்றிய மெச்னிகாவ் 1903இல் முதுமையை ஆராயும் துறைக்கு ஒரு பெயர் தந்தார். வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் மருத்துவம் பார்த்த நாசர் 1909இல் முதியோர் மருத்துவத்துக்கென்று தனிச்சொல் ஒன்றை ஆக்கினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவம் இருப்பதுபோல் முதியோர்க்கும் வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் சொல் செயலாக மாறியது இலண்டனுக்கு அருகில். 1935இல் மேற்கு மிடில்செக்சு மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகளையும் ஏற்க நேர்ந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளில் முதியோர் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார், எழுப்பினார், நடக்கப் பழக்கினார். தேறாதவர் என்று கைவிடப்பட்டிருந்த பலர் எழுந்து நடந்து வீடு திரும்பினர். அவர்களைப் படுக்கையில் கிடத்தியிருந்தது பெரிதும் மூப்பன்று, யாரும் பாராமை.

அந்நாட்டில் இத்துறையைக் கற்றுத் திரும்பியவர் மருத்துவர் வ. செ. நடராசன். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோர்க்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கியது. 1988இல் பத்துப் படுக்கைகள் கொண்ட உள்நோயாளர் பிரிவு எழுந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரி, இந்தியாவிலேயே முதன்முறையாக முதியோர் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. புறநோயாளர் பிரிவுக்கும் பட்டப் படிப்புக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். ஒரு துறை வேரூன்ற அத்தனைக் காலம் ஆகிறது. 2012இல் நடராசன் அவர்களுக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. 2024 பிப்ரவரியில் சென்னைக் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவ மையம் திறக்கப்பெற்றது. பத்து, இருநூறாயிற்று.

மருத்துவம் இத்துறையின் ஒரு கிளை மட்டுமே. 1975இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் முதுமையியலுக்கென்று தனிப்புலமே நிறுவியது. உயிரியலும் உளவியலும் சமூகவியலும் பொருளியலும் சட்டமும் அங்கு ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்படுகின்றன. இந்தியாவில் நடுவண் அரசின் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் ஓராண்டுப் பட்டமேற்பட்டயப் படிப்பு நடத்திவந்துள்ளது. செவிலியர், இயன்முறை மருத்துவர், சமூகப் பணியாளர், இல்ல நிருவாகி, வீட்டுப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர், திட்ட அலுவலர், ஆய்வாளர் எனப் பலர்க்கும் இதில் இடம் உண்டு. கலைப் பட்டதாரிக்கும் கதவு அடைபடவில்லை.

மலைமேல் ஒரு மூதாட்டி

இக்கல்வி என்ன கற்பிக்கிறது என்பதைப் பாடத்திட்டம் கூறி விளக்குவதினும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் நன்று. ஏற்காட்டு ஏரிக்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில் உள்ளது. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்கு மலையெங்கும் உள்ள ஊர்களிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் திரள்கின்றனர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் தங்கினர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. ஆதலின் சேர்வராயன் மலையினரே பெரிய மலையாளிகள், மூத்தவர் வழியினர். மூப்பைப் பெருமையாகத் தாங்கிய மக்கள்.

நாகலூர்ப் பக்கத்தில் எழுபத்திரண்டு வயது மூதாட்டி ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்து கொள்ளலாம். கணவர் இல்லை. மகனும் மருமகளும் வேலை தேடிச் சமவெளிக்குச் சென்றுள்ளனர். சென்ற ஆண்டு விடியற்காலையில் வாசலில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதன்பின் வெளியே செல்ல அஞ்சுகிறார். சாதாரணமாக இத்தகையவர்க்குக் கிடைக்கும் விடை, "வயதாகிவிட்டது" என்பதே. முதுமையியல் கற்றவர் அந்த விடையை ஏற்பதில்லை. அவர் கேட்கும் முதல் வினா: "பாட்டிக்கு எதைச் செய்ய ஆசை?" மூதாட்டி சொல்கிறார்: "திருவிழாவுக்கு நடந்துபோயி, குகைக்குள்ள குனிஞ்சு சாமியைப் பாக்கணும்."

சிகிச்சையின் இலக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது. இனி ஆராய்ச்சி தொடங்கும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றபின் ஒருமுறை இரத்த அழுத்தம் அளக்கப்படும். எழுந்தவுடன் அழுத்தம் மிகவும் இறங்கினால், விழுந்ததன் காரணம் இரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவாக இருக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கப்படும். பன்னிரண்டு நொடிக்கு மேலானால் மீண்டும் விழும் வாய்ப்பு மிகுதி. ஆனால் இச்சோதனை மருத்துவமனையின் சமதளத்துக்கு உரியது. மலைச்சரிவில் வாழ்பவர்க்கு அது போதாது என்பதையும் கற்றவர் உணர வேண்டும். கண்ணில் புரை உண்டா, இரவில் வாசலில் விளக்கு உண்டா, வாசற்படி எத்தனை உயரம், உண்பது என்ன, உதவித்தொகை ஒழுங்காகக் கைக்கு வருகிறதா, பேச ஆள் உண்டா என்று வினாக்கள் விரியும்.

கைத்தடிக்கும் ஓர் அளவு உண்டு. செருப்பணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் தடியின் பிடி அமைய வேண்டும். உயரம் மிகுந்தால் தோள் தூக்கும். குறைந்தால் முதுகு வளையும். புறநானூற்றுப் புலவர் ஒருவர்க்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்பதே பெயராக நின்றது. அவருடைய இயற்பெயர் மறைந்தது, தடி நிலைத்தது. மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையை, இருமலுக்கு இடையே அவர் எண்ணி ஏங்கியதை இவ்வவை அறியும். இலக்கியம் அந்த ஏக்கத்தைப் பதிவு செய்தது. முதுமையியல் அந்தத் தடியின் உயரத்தை அளக்கிறது. முதியவர்க்கு இரண்டும் வேண்டும்.

மாத்திரையின் அளவைத் திருத்தி, கண்புரையை அகற்றி, தொடைத் தசைக்குப் பயிற்சி தந்து, வாசலில் ஒரு விளக்கும் கையில் சரியான தடியும் அமைத்தால், அடுத்த மே மாதத்தில் அம்மூதாட்டி கோயிலுக்குச் செல்லக்கூடும். புதுமையான கருவியோ விலையுயர்ந்த மருந்தோ இதில் ஒன்றுமில்லை. இத்தனையையும் ஒருவரே சேர்த்துப் பார்க்கும் பயிற்சி உண்டு. அப்பயிற்சிக்குத்தான் பட்டப் படிப்பு.

பிசிராந்தையார் தந்த விடை

ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாமை எவ்வாறு என்று கேட்டோர்க்குப் பிசிராந்தையார் விடை கூறியது யாவரும் அறிந்ததே. அவ்விடையில் மூலிகை இல்லை, காயகற்பம் இல்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று அவர் அடுக்கினார். குடும்பம், உதவுவோர், அரசு, ஊர் என்னும் நான்கும் முதுமையை ஆள்கின்றன என்பதை இன்றைய முதுமையியல் பெரிய ஆய்வுகளால் நிறுவுகிறது.

அரசு என்னும் தூணை எடுத்துக்கொண்டால், தமிழகத்தில் 1962 முதல் முதியோர் உதவித்தொகை வழங்கப்படுகிறது. 1999இல் முதியோர்க்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டம், கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறத் தீர்ப்பாயம் அமைத்தது. 2021 ஆகத்து 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. சட்டமும் திட்டமும் வாசல் வரை வரும். வாசலைத் தாண்டி உள்ளே அமர்ந்து பேச, கற்ற மனிதர் வேண்டும்.

மூன்று ஐயங்கள்

பெற்றோரைப் பேணப் பட்டம் எதற்கு, பாசம் போதாதா என்பர் சிலர். பேறுகாலத்திலும் பாசத்துக்குக் குறைவிருந்ததில்லை. ஆயினும் பயின்ற கைகள் வந்தபின்பே தாய்மார் சாவு குறைந்தது. பாசம் கைப்பிடித்து எழுப்பும்; எந்தப் பக்கமிருந்து எழுப்பினால் தோள் நோகாது என்பதைப் பயிற்சிதான் சொல்லும். முதியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் பாசம் கலங்கும். காய்ச்சலே இல்லாமல் நெஞ்சுச்சளி நோயோ சிறுநீர்த் தொற்றோ அவ்வாறு வெளிப்படலாம் என்று கல்வி அறியும்.

இது மேலை நாட்டு வழக்கம் என்பர் வேறு சிலர். கூட்டுக் குடும்பம் உள்ள நாட்டுக்கு இது வேண்டாம் என்பது அவர் கருத்து. கூட்டுக் குடும்பத்தின் பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும்போது அக்கூற்றுக்கு வலிவில்லை. மலையூர்களிலும் நிலைமை அதுவே.

மூன்றாம் ஐயம் வலியது. படித்தால் வேலை கிடைக்குமா? கிடைத்தாலும் மலைக்கு யார் வருவார்? இதற்கு எளிய விடை இல்லை. இத்துறையின் உயர்கல்வி பெருநகரங்களில் நிகழ்கிறது. கற்றோர் அங்கேயே தங்குவது இயல்பு. பணியிடம் இன்றிப் பட்டம் மட்டும் இருபது கொண்டையூசி வளைவுகளை ஏறி வாராது. மலையடியில் சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. முதியோர் நலம் பயில்வோர் சில வாரங்கள் மலையூர்களில் தங்கிக் கற்பது பாடத்தின் பகுதியாக வேண்டும். அதனினும் சிறந்தது, வாழவந்தியிலும் மாரமங்கலத்திலும் செம்மநத்தத்திலும் பிறந்த பிள்ளைகளே இக்கல்வியைக் கற்று, ஊதியத்தோடு தம் மலைக்குத் திரும்ப வழி செய்வது. தமிழகப் பழங்குடியினருள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவோர் மலையாளிகள். 2011 கணக்கில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அம்மக்களின் முதுமையை அவர்தம் பேச்சறிந்தவர் பேணுவதே முறை.

கவிஞர்க்கு உரிய பங்கு

பேச்சு என்னும் சொல் வந்துவிட்டது. இத்துறையில் கவிஞர்க்கு வேலை இங்கேதான். நினைவாற்றலை அளக்கும் சோதனைகள் பெரும்பாலும் எழுத்தறிந்த மேலை நாட்டினர்க்காக எழுந்தவை. அவற்றை எழுத்தறியாத ஒருவர்மேல் அப்படியே ஏற்றினால், நல்ல நினைவுடையவரும் நோயாளி ஆகிவிடுவார். 1990களில் அரியானா மாநிலத்துப் பல்லப்கரில் ஆய்வு செய்தோர் இதைத் திருத்தினர். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யச் சொல்வதை விட்டு, ஆய்வாளர் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்யச் சொன்னார்கள். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வதற்கு ஈடாகக் கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்டனர். இது மொழிபெயர்ப்பன்று, மறு ஆக்கம். சேர்வராயன் மலையில் ஒரு மூதாட்டியின் நினைவை அறிய எதைக் கேட்க வேண்டும்? திருவிழா நடைபெறும் முறையையா, காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தையா, மூன்று உடன்பிறந்தார் கதையையா? அதை மருத்துவர் மட்டும் முடிவு செய்ய இயலாது.

கலைச்சொல்லும் அவ்வாறே. 2001இல் லிண்டா பிரைடு என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் முதியோரின் ஒரு நிலையை வரையறுத்தனர். தானாக எடை குறைதல், களைப்பு, பிடியின் வலுக்குறைவு, நடைத்தளர்ச்சி, இயக்கக் குறைவு என்னும் ஐந்தில் மூன்று இருந்தால் அந்நிலை உண்டென்பது அவர்கள் கணக்கு. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அகராதி தேடுவோர் உண்டு. ஊர்ப்புறத்துக் கிழவி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறாள்: தள்ளாமை. யாழ்ப்பாணத்தார் முதுமை மறதியை அறளை என்பர். மக்கள் நாவில் உள்ள இத்தகைய சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்துக் கல்வியாளர் கையில் சேர்ப்பது இலக்கிய வட்டம் ஒன்று செய்யத்தக்க பணி. நோவுக்கு ஒரு முதியவர் வைத்திருக்கும் சொல் விளங்காதவர்க்கு அவருடைய நோவும் விளங்காது.

இவ்வட்டத்தின் இரண்டாம் பத்தாண்டுக்கு இரண்டு செயல்களை முன்வைக்கலாம். ஒன்று, ஏற்காட்டு மலையூர்களின் முதியோர் உடல்நலம் பற்றிப் பேசும் சொற்களையும், சேர்வராயன் பற்றிச் சொல்லும் கதைகளையும் பதிவு செய்தல். மற்றொன்று, வீட்டிலுள்ள மகளோ மகனோ முதுமையியல் படிக்க விரும்புவதாகச் சொன்னால், "இதற்கெல்லாமா படிப்பு?" என்று கேளாதிருத்தல். இரண்டாவது எளிதுபோல் தோன்றும். அதுவே கடினம்.

அதியமான் கனியைக் கொடுத்தான். அக்கனி உண்டு நெடுநாள் வாழ்ந்தவரின் கையைப் பிடிப்பவர் இனி வர வேண்டும். அவர் கற்றுக்கொண்டு வரட்டும்.